ஆவுடைக்குப் பின்னால் இருபத்தொரு கிலோமீட்டர்

நவம்பர் 4, திங்கள்

தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் பல் டாக்டர். அவர் பெயர் அருமைநாயகம். பல் பிடுங்குவது போக மிச்ச நேரத்தில் தூத்துக்குடியை ஓட வைப்பது அவர் வேலை. ஜனவரி பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உப்பளச் சாலையில் அரை மாரத்தான் நடத்துகிறார். இருபத்தொரு கிலோமீட்டர். மேடு பள்ளம் கிடையாது, தோசைக்கல் மாதிரி ரோடு, யார் வேண்டுமானாலும் ஓடலாம் என்று என் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டே சொன்னார். வாய் முழுக்கப் பஞ்சு இருந்ததால் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

பேர் கொடுத்துவிட்டேன். சுகிர்தம், வயது 49, தொழில் தையல். காரணம் கொலஸ்ட்ரால். பட்டியலில் எனக்கு இரண்டு வரி மேலே ‘ஆவுடையம்மாள், 51, தையல்’ என்று இருந்ததைப் பார்த்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்று ஓடியது: பூஜ்யம்.

நவம்பர் 6, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் துறைமுகத்தில் எடைமேடையில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க லாரிகளை எடை போட்டுப் போட்டு எதைப் பார்த்தாலும் ஒரு எடைக் கண்ணோடுதான் பார்ப்பார். என்னையும் அப்படியே மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஓடுகிறவர்களுக்குக் கடைசியில் சாப்பாடு உண்டா என்று கேட்டார். அவருக்குத் துரைப்பழம் என்று பெயர் வைத்தவர்கள் அதோடு கொஞ்சம் இனிப்பையும் சேர்த்து வைத்திருக்கலாம்.

ஆவுடையும் ஓடுகிறாளாமே என்று அடுத்த கேள்வி. எனக்கு எப்படித் தெரியும், நான் அவளோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது என்றேன். உண்மைதான். என் கடைக்கு நேர் எதிரே அவள் கடை. நடுவில் பதினெட்டு அடி ரோடு. முன்பு இரண்டும் ஒரே கடையாக இருந்தது. பதினான்கு வருஷம் ஒரே மேஜையில் துணி வெட்டினோம், ஒரே தூக்குச்சட்டியில் சோறு தின்றோம். பிறகு எங்கள் வாடிக்கைக்காரி காந்திமதியக்கா மகள் கல்யாணம் வந்தது.

அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். முகூர்த்தப் பட்டு ஜாக்கெட். கையில் பெரிய ஜரிகைக் கரை. அப்படிப்பட்ட துணியை மடித்து வெட்ட முடியாது. ஒரு கையை வெட்டிய பிறகு, அளவுக் காகிதத்தைப் புரட்டிப் போட்டு அடுத்த கையை வெட்ட வேண்டும். புரட்ட மறந்தால் இரண்டும் இடது கை. அந்த ஜாக்கெட்டுக்கு இரண்டும் இடது கை. வேறு துணி கிடையாது, விடிந்தால் கல்யாணம். கல்யாணப் பெண் கடையில் வாங்கிய ஏதோ ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தாள். காந்திமதியக்கா எங்கள் கடை வாசலில் நின்று கத்தியது துறைமுகம் வரை கேட்டது.

பட்டு வெட்டுவது எப்போதும் ஆவுடையின் வேலை. நான் அதைத்தான் அன்று சொன்னேன். மறுவாரம் எதிரே தனிக்கடை போட்டாள். அவ்வளவுதான் கதை.

இன்று ஓடியது: பூஜ்யம். மழை வரும்போல இருந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

முதல் ஓட்டம். நான்கு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று டாக்டர் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு ஒரு நிமிஷம் ஓட்டம், நான்கு நிமிஷம் வசவு என்று அமைந்தது. இரண்டு கிலோமீட்டர். வீட்டுக்காரர் தண்ணீர்ப் பாட்டிலோடு ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். என் வேகத்துக்கு ஸ்கூட்டர் சாய்ந்துவிடும்போல இருக்கிறது என்று இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தார்.

நவம்பர் 17, ஞாயிறு

ஐந்து கிலோமீட்டர். ஆவுடை ஐந்து மணிக்குத் தொடங்குகிறாள் என்று கேள்விப்பட்டு நான் ஐந்தரைக்குப் போனேன். ஒன்றும் பலிக்கவில்லை. அந்தச் சாலையில் போன வழியேதான் திரும்ப வேண்டும். இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி. ஒரு மரம் கிடையாது, ஒரு வளைவு கிடையாது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலேயே எதிரே வருகிற ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு அந்த முழு தூரத்தையும் ஒருவரையொருவர் பார்க்காதது மாதிரி ஓட வேண்டும். நான் உப்பைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள். பக்கத்தில் கடக்கும்போது இரண்டு பேரும் மூச்சு வாங்காததுபோல் நடித்தோம். அவள் போன பிறகு நான் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அவளும் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

நவம்பர் 23, சனி

மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். ஓடவில்லை, நீந்தினேன்.

நவம்பர் 28, வியாழன்

கிறிஸ்துமஸ் துணிகள் வர ஆரம்பித்துவிட்டன. எல்லோருக்கும் பதினைந்தாம் தேதி தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எந்தப் பதினைந்து என்று சொல்லவில்லை.

ஜாக்கெட் கொடுக்க வந்த ஒரு அக்கா ஒரு விஷயம் சொன்னாள். முதலில் எதிர்க்கடையில்தான் கொடுக்கப் போனாளாம். பட்டு என்றதும் ஆவுடை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டாளாம். நைட்டி, சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபாரம், பாவாடை, இதுதான் தைப்பாளாம். ஆறு வருஷமாக இப்படித்தானாம். நல்லது, அந்தப் பட்டெல்லாம் எனக்குத்தானே வருகிறது என்று சிரித்தேன். அந்த அக்காவும் சிரித்தாள்.

நான் பார்த்தவர்களில் பட்டை ஆவுடை மாதிரி வெட்டியவர்கள் கிடையாது. கோடு போட்டால் ஒரே கோடு, கத்தரி வைத்தால் ஒரே ஓட்டம். வெட்டும்போது தெருவில் வெடி போட்டாலும் கண்ணை எடுக்கமாட்டாள். அப்படிப்பட்டவள் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருக்கிறாள்.

பிற்பகல் அந்த அக்காவின் பட்டை விரித்தேன். மனம் ஓடவில்லை. மடித்து வைத்துவிட்டு டீ போட்டுக் குடித்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஆவுடை கடையைக் காலி செய்கிறாள். ஜனவரி கடைசியில் ஓசூருக்கு மகன் வீட்டோடு போகிறாளாம். மாரத்தான் முடிந்ததும் கிளம்புகிறாளாம். டாக்டர்தான் சொன்னார்.

சந்தோஷம். இனி அந்தத் தெருவில் நான் ஒருத்திதான் டெய்லர். சாயங்காலம் பாயசம் வைக்கலாம் என்று சேமியாவை எடுத்து வறுத்தேன். அதற்குள் பால் திரிந்துவிட்டது. வீட்டுக்காரர் பாலை முகர்ந்து பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்றார். திரிந்துவிட்டது என்று சொன்னால் திரிந்துவிட்டது.

டிசம்பர் 8, ஞாயிறு

பத்து கிலோமீட்டர். இரட்டை இலக்கம். என் வாழ்க்கையில் நான் பத்து கிலோமீட்டர் போனதெல்லாம் பஸ்ஸில்தான். திரும்பி வரும்போது சூரியன் வந்து உப்புப் பாத்தியெல்லாம் பளபளவென்று கண்ணைப் பறித்தது. காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டே ஓடினேன். வீட்டுக்காரர் பயந்துபோய் ஸ்கூட்டரைப் பக்கத்தில் கொண்டுவந்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டார்.

ஆவுடை பன்னிரண்டு ஓடினாளாம்.

டிசம்பர் 16, திங்கள்

பதினைந்தாம் தேதி நேற்றோடு போய்விட்டது. காலையிலிருந்து கடை வாசலில் கூட்டம். எல்லோரிடமும், பட்டன் மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாருங்கள் என்றேன். இருபது வருஷமாகச் சொல்லும் அதே பட்டன்தான்.

டிசம்பர் 27, வெள்ளி

டாக்டர் ஒரு மூட்டை டி-ஷர்ட்டோடு வந்து நின்றார். திருப்பூரிலிருந்து வந்ததாம், எல்லாம் ஆண்கள் அளவு. பெண்கள் முப்பத்திரண்டு பேர். போட்டுக்கொண்டால் அங்கி மாதிரி தொங்குகிறதாம். பிடித்துத் தர வேண்டும். பாதியை எதிர்க்கடையில் கொடுக்க வேண்டியதுதானே என்றேன். ஆவுடை ஓவர்லாக் மெஷினை ஏற்கெனவே யாருக்கோ கொடுத்துவிட்டாளாம். பனியன் துணியை அது இல்லாமல் தைக்க முடியாது.

முப்பத்திரண்டில் ஒன்று அவளுடையது.

மற்றவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு அளவு ஜாக்கெட் கொடுத்து விட்டிருந்தார்கள். அவள் கொடுக்கவில்லை. போய்க் கேட்க முடியுமா? தேவையும் இல்லை. தோள் பதினாலரை, மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பத்துநான்கு, வலது தோள் இடதைவிடக் கால் இஞ்சு இறக்கம். என் வீட்டு டெலிபோன் நம்பர்கூட எனக்கு இப்படி ஞாபகம் இருக்காது. முதலில் அவளுடையதைத்தான் பிடித்தேன். அக்குளில் உரசக்கூடாது என்று அங்கே மட்டும் தையலை வெளிப்பக்கம் விட்டேன். எல்லோருக்கும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும், நேரம் இல்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

பதினான்கு கிலோமீட்டர். எல்லோருக்கும் டி-ஷர்ட் கொடுத்தார்கள். ஆவுடை அவளுடையதை வாங்கியதும் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டித் தையலைத்தான் பார்த்தாள் என்று வீட்டுக்காரர் சொன்னார். தையல்காரி வேறு எதைப் பார்ப்பாள்? அக்குளில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாளாம். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாளாம். வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று மூன்று தடவை கேட்டேன். அவர் மூன்று தடவையும் இல்லை என்றார்.

ஜனவரி 1, புதன்

கோயிலில் பாதிரியார், புது வருஷத்துக்குள் பழைய மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்றார். வருஷா வருஷம் இதைத்தான் சொல்கிறார். நானும் வருஷா வருஷம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சரி. எழுதிவிடுகிறேன். இது ஓட்ட நோட்டு, யாரும் படிக்கப்போவதில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மேஜையில் ஒன்பது ஜாக்கெட் கிடந்தது. ஆவுடைக்கு மகன் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. எழுந்து போனாள். நான் அவளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அடுத்த துணியை இழுத்துப் போட்டுக் கையை வெட்டினேன். இரண்டு கையும். அவள் வந்து பார்த்து, தான் வெட்டி வைத்துவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டாள். மறுநாள் கைகளைப் பொருத்தும்போதுதான் தெரிந்தது. காந்திமதியக்கா வந்து கத்தினாள். பட்டு அவள்தான் வெட்டுவாள், நான் நைட்டி வெட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு நிமிஷம் தப்பிக்கத்தான் சொன்னேன். ஆவுடை என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தாள்.

கத்தரி என் கையில்தான் இருந்தது.

ஜனவரி 5, ஞாயிறு

பதினாறு கிலோமீட்டர். ஓட்டத்துக்கு முன்னால் ஆவுடையிடம் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன். அவள் குனிந்து ஷூ கயிறு கட்ட ஆரம்பித்தாள். கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள். ஒரு கயிற்றைக் கட்ட இவ்வளவு நேரமா? நான் தொண்டையைச் செருமிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த டி-ஷர்ட்டைப் போட்டிருந்தாள். இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. மெலிந்திருக்கிறாள். என் அளவு ஆறு வருஷம் பழையது.

ஜனவரி 8, புதன்

காந்திமதியக்கா வந்தாள். இரண்டாவது மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். முகூர்த்தப் பட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையைப் பார்த்து வழக்கமான பாட்டைப் பாடினாள். ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவள் ஊரை விட்டுப் போகிறாளே, போகட்டும் என்றாள். ஆறு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டு நான் ஊக்கு குத்திக்கொண்டிருப்பேன். இன்றைக்கு ஊக்கு விரலில் ஏறியது.

ஜனவரி 10, வெள்ளி

கடிதம் எழுதினேன். மூன்று வரி. கிழித்தேன். எதிர்க்கடைக்கு நடந்து போனேன். பதினெட்டு அடி. நான் பாதி ரோட்டில் இருக்கும்போதே அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். பதினாறு கிலோமீட்டர் ஓடுகிறவளுக்குப் பதினெட்டு அடி முடியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கரும்பு தின்னக்கூடாது என்கிறார் பல் டாக்டர், தின்னலாம் என்கிறார் ஓட்ட டாக்டர். இரண்டு பேரும் அவரே. தின்றேன்.

ஜனவரி 18, சனி

நம்பர் அட்டை 143. நான்கு ஊக்கு கொடுத்தார்கள். எனக்கே ஊக்கு. காலை ஐந்தரைக்கு ஓட்டம் தொடங்கும். எட்டே முக்காலுக்குள் வந்து சேர வேண்டும், அதாவது மூன்றே கால் மணி நேரம். அதற்கு மேல் உப்பு லாரிகளைச் சாலையில் விட்டுவிடுவார்கள். வராதவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்களாம், மெடல் கிடையாதாம். என்னால் மூன்றரைக்குக் குறைந்து முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

ஆவுடை திங்கட்கிழமை கிளம்புகிறாள். ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டதாம். நாளைக்கு விட்டால் இனி எங்கே பிடிப்பது?

ஜனவரி 19, ஞாயிறு

பள்ளிக்கூட மைதானத்தில் நூற்று எண்பத்தேழு பேர். விசில் ஊதியதும் எல்லோரும் ஏதோ பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடினார்கள். முதல் இரண்டு கிலோமீட்டரிலேயே நானும் ஆவுடையும் மட்டும் பின்தங்கினோம். அவள் முன்னால், நான் பின்னால். எங்களுக்கும் பின்னால் டாக்டர் சைக்கிளில் வந்தார்.

பத்தரைக் கிலோமீட்டரில் ஒரு டிரம்மை வைத்துத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். அவள் திரும்பி எதிரே வந்தாள். வழக்கம்போல வானத்தைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். இன்றைக்கு என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. இனிப் பார்க்கப் போவதில்லை என்று ஒரு வீட்டைக் காலி செய்யும்போது கதவைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், ஆனால் மூச்சு இல்லை. டிரம்மைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் அவள் முந்நூறு மீட்டர் போய்விட்டாள்.

பதிமூன்றாவது கிலோமீட்டரில் டாக்டர் பக்கத்தில் வந்து, இந்த வேகத்தில் இரண்டு பேருக்குமே நேரத்துக்குள் முடியாது, பரவாயில்லை, முயற்சிதான் முக்கியம் என்று ஆறுதல் சொன்னார். எனக்கு மெடலும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். எதிரே முந்நூறு மீட்டரில் ஒரு முதுகு தெரிகிறது. அந்தச் சாலையில் மறைந்துகொள்ள ஒரு மரம் கிடையாது, திரும்பிப் போக ஒரு சந்து கிடையாது, இறக்க ஒரு ஷட்டரும் கிடையாது. இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. நடை நிமிஷத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினேன்.

இங்கேதான் ஒன்று நான் எதிர்பார்க்கவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டு ஆவுடை திரும்பிப் பார்த்தாள். நான் அவளை முந்த வருகிறேன் என்று நினைத்துவிட்டாள். அவளும் நடையை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள்.

நான் வேகத்தைக் கூட்டினால் அவள் கூட்டுகிறாள். நான் குறைத்தால்தான் அவள் குறைக்கிறாள். பதினாறாவது கிலோமீட்டரில் நூறு மீட்டர் இருந்தது. கையை ஆட்டினேன். அவள் இன்னும் வேகமாகப் போனாள். பதினேழில் தண்ணீர்ப் பந்தல், வீட்டுக்காரர் ஆரஞ்சுச் சுளையோடு நின்றார். அவள் நிற்கவில்லை என்பதால் நானும் நிற்கவில்லை. அவர் ஆரஞ்சோடு கொஞ்ச தூரம் என்னோடு ஓடிவந்தார். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் ஓடி நான் பார்த்தது இன்றைக்குத்தான். பத்து அடியில் நின்றுவிட்டார்.

பதினெட்டில் ஐம்பது மீட்டர். வயிற்றுக்குள் கத்தி சொருகியது மாதிரி இருந்தது. “ஆவுடை, நில்லுட்டி” என்று கத்தினேன். ஆறு வருஷத்தில் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. அவள் திரும்பாமலே, “முடிஞ்சா பிடி” என்றாள். டாக்டர் பின்னாலிருந்து கைதட்டினார். நேரத்துக்குள் போய்விடுவீர்கள், விடாதீர்கள் என்று மணியை அடித்துக்கொண்டே வந்தார். அந்த மனுஷனுக்கு இது ஏதோ போட்டி என்று எண்ணம்.

மைதானத்துக்குள் அவள் எட்டு நாற்பத்தொன்றுக்கு நுழைந்தாள். நான் அவளுக்கு ஏழு விநாடி பின்னால். நூற்று எண்பத்தாறாவது, நூற்று எண்பத்தேழாவது. மைக்கில் எங்கள் பேரைச் சொன்னார்கள். யாரோ கழுத்தில் மெடலை மாட்டினார்கள். இரண்டு பேரும் புல்லில் பொத்தென்று விழுந்தோம். அவள் எழுந்து போவதற்குள் சொல்ல வேண்டும். மூச்சு வரவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது.

“காந்திமதியக்கா... ஜாக்கெட். அந்த ரெண்டு கையும்... நான்தான் வெட்டுனேன். நீ போன் பேசப் போயிருந்த.”

அவள் மல்லாந்து கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெல்லத்தான் பேசினாள்.

“ஆறு வருசமா எங்கைய நானே நம்பலட்டி. ஒரு பாவாடைய வெட்டணும்னாலும் நாலு தடவ பொரட்டிப் பாக்கேன். பட்டத் தொட்டா கை நடுங்குது. கண்ணு போயிட்டு, புத்தி போயிட்டுன்னுதான் கடையவே மூடுதேன். எதுக்க உக்காந்து அத்தனையும் பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

ஆமாம் என்றேன். வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது, அத்தனை பேர் பார்க்க அழுதேன். ஓடி முடித்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஒரு பெண் என்னைப் போட்டோ எடுத்தாள். ஆவுடை எழுந்தாள். நொண்டிக்கொண்டே கேட்டைப் பார்த்து நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, “எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? ஊரெல்லாம் சொன்னவள்ட்ட போய்ச் சொல்லு” என்றாள்.

ஓடியது: 21.1.

ஜனவரி 20, திங்கள்

மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிகிறது. எதிர்க்கடை பூட்டியிருக்கிறது. ரயில் ஏறிவிட்டாளா என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியவில்லை.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஆறு வருஷமாக முகூர்த்தப் பட்டு வரும் நாளெல்லாம் நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரியும் என்றார். எடை போடுகிறவர் கண்ணுக்கு ஒன்றும் தப்புவதில்லை.

ஜனவரி 22, புதன்

காந்திமதியக்கா வீட்டுக்குப் போனேன். கல்யாண வேலைக்கு வந்த சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தேன். பிறகு, அக்கா ஆவுடையைத் தனியாகவா திட்டினாள் என்று தோன்றியது. எல்லோர் முன்னாலும் சொன்னேன். கை வெட்டியது நான், பழி போட்டது நான் என்று.

அக்கா கத்துவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “அவள எம்புட்டுப் பேச்சு பேசிட்டேன்” என்று மட்டும் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு கடை வரை வந்து, இரண்டாவது மகளின் பட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பதினோரு வருஷக் கஸ்டமர். அவள் போனதும் எனக்கு நல்ல பசி எடுத்தது. மூன்று இட்லி கூடுதலாகத் தின்றேன்.

ஜனவரி 24, வெள்ளி

ஆவுடை ஓசூர் போகவில்லை. காலால் நடக்க முடியவில்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்று மகனிடம் சொல்லியிருக்கிறாளாம். காலையில் ஷட்டர் திறந்தது. நான் இந்தப் பக்கம் நின்றேன், அவள் பார்க்கவில்லை.

ஜனவரி 25, சனி

காந்திமதியக்கா பட்டுப் பையோடு எதிர்க்கடைக்குப் போனாள். வாசலில் நின்றபடியே நிறையப் பேசினாள், கையெடுத்துக் கும்பிட்டாள். ஆவுடை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், மாட்டேன் என்றுதான். கடைசியில் அக்கா பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டாள். ஆவுடை அந்தப் பையைத் தொடவில்லை. சாயங்காலம் அதோடேயே ஷட்டரை இறக்கினாள்.

ஜனவரி 29, புதன்

பை அங்கேயே இருக்கிறது, ஆவுடையும் இன்னும் ஓசூருக்குக் கிளம்பவில்லை. டாக்டர் அடுத்த ஓட்டத்துக்குப் பேர் கேட்டார். நான் இப்போது வேறு ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பல்லா என்று கேட்டார்.

பிப்ரவரி 3, திங்கள்

பத்து மணி இருக்கும். நான் ஒரு நைட்டிக்குக் கழுத்து தைத்துக்கொண்டிருந்தேன். எதிரே ஆவுடை மேஜையைத் துடைத்தாள். வெள்ளைத் துணியை விரித்தாள். பையைப் பிரித்துப் பட்டை எடுத்துப் போட்டாள். நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

அளவு எடுத்துக் கோடு போட்டாள். அழித்தாள், மறுபடியும் போட்டாள். கத்தரியை எடுத்துக் கீழே வைத்தாள். தண்ணீர் குடித்தாள். நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். என்னை அறியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாரத்தானில்கூட எனக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை.

பிறகு வெட்டினாள். பருத்திக்கு ஒரு சத்தம், பட்டுக்கு ஒரு சத்தம். பதினெட்டு அடி தள்ளியும் கேட்டது. ஒரே ஓட்டம். எங்கேயும் நிற்கவில்லை. முதல் கையை எடுத்து ஓரமாக வைத்தாள். காகிதத்தைப் புரட்டினாள். ஒரு தடவைதான் புரட்டினாள். அடுத்த கையை வெட்டினாள். இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் தோள் இறங்கியது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

தலையை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்தாள்.

“என்ன பாக்க? உள்ள போயி வேலையப் பாருட்டி” என்றாள்.

உள்ளே போய் வேலையைப் பார்த்தேன்.